எட்டு மில்லிகிராம் கோபம்

இராஜபாளையம்
5 ஏப்ரல் 2025, சனி

அனஸ்,

உன் மச்சானின் வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்திருக்கிறது. நேற்று மாலை எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், நானும் பார்த்தேன். மயிரிழை போல ஒரு கோடு. பெருநாளன்று வெறும் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவினோம். நீவியதே தப்பு என்று அவர் திட்டினார். ஆறு வாரம் மாவுக்கட்டு. மில் மோட்டார்களுக்கு வைண்டிங் செய்கிறவருக்கு வலது கை இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது என்று நீயே யோசித்துக்கொள்.

போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். பேசினால் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். மாதாமாதம் கிருபாபாய் அக்காவிடம் உன் மாத்திரையைக் கொடுத்தனுப்பும் கவரிலேயே இதையும் வைக்கிறேன். பாவம், இங்கே மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் வீட்டு முன்பகுதியில் குடியிருக்கிற ஒரே குற்றத்துக்காக நம் சண்டையையும் சுமக்கிறார்.

நடந்ததை நான் கண்டபடி எழுதுகிறேன். பின்னால் நீ மறுக்கக் கூடாது. நௌஷீனின் அத்தா நிஜாம் மாமா மம்சாபுரத்திலிருந்து முதல் தடவையாக நம் வீட்டுப் பெருநாள் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். உனக்குப் பெண் கொடுக்கப் போகிறவர். நெய்ச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். மச்சான் சும்மா பேச்சுக்குச் சொன்னார்: "மாப்பிள்ளைக்கு வெயிலு ஆவாது மாமா. ஒத்தத் தலைவலி. அதான் மாத்திர சாப்பிடுதான்." நீ எழுந்தாய். தட்டு சுவரில் போய் விழுந்தது. மச்சானின் சட்டையைப் பிடித்துத் தள்ளினாய். அவர் கை கிரைண்டர் மேடையில் மோதியது. அதற்குப் பிறகு உன் வாயிலிருந்து வந்ததை நான் எழுத மாட்டேன்.

அது நீ இல்லை. பதினெட்டு வருஷமாக உன்னைத் தூக்கி நிறுத்திய அக்கா நான், எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத பிள்ளை. இந்த நோன்பு மாதம் பாதிக்கு மேல் முகம் கடுகடுவென்று இருந்தபோதே எனக்குச் சந்தேகம். எல்லாம் அந்தப் புது மாத்திரை. டாக்டரிடம் போய் அதை நிறுத்தச் சொல்லப் போகிறேன்.

கவரில் ஒரு அட்டை மட்டும் இருக்கிறது. மற்ற இரண்டும் மருந்துச் சீட்டும் என் பீரோவில் இருக்கின்றன. மச்சானிடம் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போ.

ஜரீனா


ஸ்ரீவில்லிபுத்தூர்
7 ஏப்ரல் 2025

அக்கா,

சலாம் சொல்லக்கூட உனக்கு மனசு வரவில்லை. நான் சொல்கிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

மச்சான் கைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டு. எலும்பு முறியும் என்று நான் நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை. அது தப்பு. நேரில் வந்தும் சொல்வேன்.

நீ எழுத மறுத்ததை நான் எழுதுகிறேன். "எனக்குத் தலைவலி கெடையாது மாமா. பதினோரு வயசுலேருந்து வலிப்பு. இவுக ஒங்ககிட்டப் பொய் சொல்லுதாக." இவ்வளவுதான் சொன்னேன். இதில் எந்தச் சொல் தப்பு என்று காட்டு. இதற்கு மன்னிப்புக் கிடையாது.

மாத்திரை பேசியது என்கிறாய். மாத்திரைக்கு நிஜாம் மாமாவைத் தெரியுமா? தலைவலி என்று பொய் சொன்னது மாத்திரையா? அட்டையோடு வரும் தாளை நானும் படித்திருக்கிறேன். எரிச்சல், கோபம், சண்டை வரலாம் என்று கட்டம் போட்டு எச்சரித்திருக்கிறார்கள். எனக்கு ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதே மாத்திரை வந்த பிறகு, போன செப்டம்பர் இருபத்தொன்றுக்குப் பிறகு, நான் ஒரு தடவைகூட விழவில்லை. உனக்கு அது மறந்துவிட்டதா? மாதத்துக்கு மூன்று தடவை, நான்கு தடவை. பஸ் நிலையத்தில், பள்ளிவாசலில் கைகால் கழுவும் ஹவுள் தொட்டி ஓரத்தில், சோலைராஜ் அண்ணாச்சி பிரஸ்ஸில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே. கண்ணைத் திறந்தால் சுற்றி நிற்கிறவர்களின் கால்கள்தான் முதலில் தெரியும். ஏழு மாதமாக நான் யார் காலையும் பார்க்கவில்லை.

நோன்பைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்து என்னை எல்லாரும் எப்படிக் கூப்பிட்டார்கள்? "கஞ்சி குடிக்க மட்டும் வார நோம்பாளி." இந்த வருஷம்தான் முதல் தடவையாக இருபத்தொன்பது நோன்பும் பிடித்தேன். புது மாத்திரை ராத்திரி ஒன்றுதான். பழையது இரண்டு வேளை. அதைச் சாப்பிட்டால் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க விடாது. "புதுசுதான் நல்லா கேக்குதே, பழச விட்டுரு மாப்ள" என்று மச்சான்தான் சொன்னார். நீயும் பக்கத்தில் நின்று சிரித்தாய். பெருநாள் தொழுகைக்குப் போகும்போது என் சட்டைக்கு நீயே அத்தர் தடவி விட்டாய். அதே மத்தியானம் நான் பேய் பிடித்தவன் ஆகிவிட்டேன்.

எனக்குத் தெரியாமல் டாக்டரிடம் போகாதே. அது என் தலை.

அனஸ்


இராஜபாளையம்
10 ஏப்ரல் 2025

அனஸ்,

நிஜாம் மாமா நேற்று வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நோயி அல்லா குடுக்கதும்மா. பொய்யி யாரு குடுத்தது?" என்று கேட்டார். மச்சான் கட்டுப்போட்ட கையோடு எழுந்து நின்றார். நான் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பொய் யார் கொடுத்தது என்று உனக்குச் சொல்கிறேன். நான் கொடுத்தேன். மச்சான் என் பேச்சைக் கேட்டுத்தான் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் வ. புதுப்பட்டியில் ஒரு சம்பந்தம் வந்ததே, அவர்களிடம் உண்மையைத்தான் சொன்னேன். என்ன நடந்தது? அந்த வீட்டம்மா போகிற வழியெல்லாம் "காக்கா வலிப்பாம்" என்று சொல்லிக்கொண்டே போனாள். அதே ஊரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் காதுபடவே ஒருத்தி, "கொத்துச் சாவிய கையில குடுத்துத்தான் மாப்பிள்ளைய மேடையில உக்கார வைக்கணும்" என்று சொல்லி, அவள் வரிசையே சிரித்தது. நான் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்தேன். இதை உன்னிடம் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது சொல்வதும் இரக்கத்துக்காக இல்லை. உண்மை, உண்மை என்று குதிக்கிறாயே, அதன் விலை என்ன என்று உனக்குத் தெரியட்டும்.

ஒன்று கேட்கிறேன். ஜனவரியில் மம்சாபுரத்தில் நிச்சயம் பேசினோம். அன்றும் மச்சான் அதே தலைவலிக் கதையைத்தான் சொன்னார். நீயும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். வாயில் மைசூர்பாகு இருந்தது. அன்றைக்கு ஏன் தட்டு பறக்கவில்லை? அன்றைக்கு ஏன் உண்மை வரவில்லை? பெருநாள்வரைக்கும் இனித்த பொய் அன்றைக்கு மட்டும் எப்படிக் கசந்தது? இதற்குப் பதில் எழுது. பிறகு பேசலாம் மாத்திரையா, நீயா என்று.

மச்சான் சொல்வதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் அவருக்குத் தூக்கம் வராது. "ஒடைஞ்சது என் கையி. ரெண்டு பேரும் என்னத்துக்கு இம்புட்டுக் கத்துதிய?" இதற்குப் பெயர் பெருந்தன்மை இல்லை. சோம்பேறித்தனம்.

பதினேழாம் தேதி மதுரையில் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் போவேன். உன் தலைதான். அதைப் பிடித்துக்கொண்டு பதினெட்டு வருஷம் தரையில் உட்கார்ந்தது என் மடி.

ஜரீனா


ஸ்ரீவில்லிபுத்தூர்
14 ஏப்ரல் 2025

அக்கா,

பிரஸ் இன்று லீவு. சித்திரை முதல் தேதி. ஊரே கோயிலுக்குப் போகிறது. நான் உன் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜனவரியில் ஏன் பேசவில்லை? பேசத் தெரியாது. அதுதான் பதில். பழைய மாத்திரை பாதித் தூக்கத்தில் வைத்திருந்தது ஒரு பக்கம். நீங்கள் எல்லாரும் இன்னொரு பக்கம். கிணற்றடிக்குப் போகாதே, அடுப்புப் பக்கம் நிற்காதே, வண்டியைத் தொடாதே, மாடியில் படுக்காதே. சரி, சரி, சரி. எனக்கு எதற்காவது வேண்டாம் என்று சொல்லிப் பழக்கம் உண்டா? எனக்குப் பொய் கசக்காமல் இல்லை. துப்பத் தெரியவில்லை. பெருநாளன்று தெரிந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தெரிந்தது.

அதைத்தான் நீ நிறுத்தச் சொல்லப் போகிறாய்.

இங்கே என் கல்யாணப் பத்திரிகையை நானே கம்போஸ் பண்ணி, மெய்ப்பும் பார்த்து வைத்திருக்கிறேன். ஜூன் இருபத்திரண்டு ஞாயிறு. மணமகன் முஹம்மது அனஸ். சோலைராஜ் அண்ணாச்சி தினமும் கேட்கிறார், "ஏலே, பிளேட்டு போடவா வேண்டாமா?" முந்தாநாள் நாலாவது தடவை கேட்டபோது கத்தரியை எடுத்து மேசையில் குத்தினேன். அவர் கத்தரியை எடுத்துத் தன் டிராயரில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். போய் இதையும் டாக்டரிடம் சொல்.

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நாய்க்குட்டி போல வரவழைக்கலாம் என்று நினைத்தாயே, அதற்காக இது. கவரில் மிச்சமிருந்த மாத்திரைகளைத் திருப்பி அனுப்புகிறேன். உன் பீரோவில் சேர்த்து வைத்துக்கொள். உன் சாதுத் தம்பி திரும்பி வருவான். வந்து விழுவான். உன் மடி காலியாகத்தானே இருக்கிறது?

அனஸ்


இராஜபாளையம்
17 ஏப்ரல் 2025, இரவு

அனஸ்,

டாக்டர் இன்று மதியம் சொன்னதை, மறப்பதற்குள் அப்படியே எழுதுகிறேன். முதல் வார்த்தை: மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. நீ திருப்பி அனுப்பியதைச் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் இரண்டு அட்டையைப் பூட்டி வைத்ததைச் சொன்னதும் எனக்கும் திட்டு விழுந்தது. "இது என்ன மிட்டாயாம்மா, சேட்டை பண்ணா தர மாட்டேன்னு சொல்றதுக்கு?" கூட வந்த மச்சான் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

அடுத்தது. எப்போதிலிருந்து கோபம் என்று கேட்டார். நோன்பு பாதிக்கு மேல் என்றேன். அந்த மாதம் வேறு என்ன மாறியது என்று கேட்டார். பழைய மாத்திரையை விட்டதைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

அவர் விளக்கியது இது. மூளையில் ஒரு நரம்பணு பக்கத்து அணுவைத் தட்டி எழுப்ப ஒரு ரசாயனத்தை விடுகிறது. பெயர் குளூட்டமேட். அதை வாங்கிக்கொள்ள அடுத்த அணுவின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. ஒன்று ஒன்றை எழுப்பினால்தான் நாம் நடக்கிறோம், பேசுகிறோம். உனக்கு வலிப்பு வரும்போது ஒன்று நாலை எழுப்பி, நாலு நாற்பதை எழுப்பி, ஒரு கூட்டமே ஒரே நேரத்தில் எழுந்து விடுகிறது. ஏற்பிகளில் பல வகை. ஆம்பா என்று ஒரு வகை இருக்கிறது. உடனுக்குடன் எழுப்புகிற வேலை அதனுடையது. உன் புது மாத்திரை பெராம்பனல் அதைத்தான் மட்டுப்படுத்துகிறது. பழையது, கார்பமசெபைன், வேறு வழியில் வேலை செய்கிறது. வலிப்பை அடக்குவதோடு, ஈரலை முடுக்கிவிட்டு, புதியதைச் சீக்கிரமாக உடம்பைவிட்டு வெளியேற்றியும் கொண்டிருந்தது. அதையும் கணக்கில் வைத்துத்தான் அவர் எட்டு மில்லிகிராம் எழுதியிருக்கிறார். நாம் பழையதை நிறுத்திவிட்டோம். அதே எட்டு உன் ரத்தத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்காக நின்றிருக்கும் என்கிறார். அளவு ஏற ஏற கோபமும் ஏறும். ஏன் கோபமாக ஏறுகிறது என்பது இன்னும் முழுதாக யாருக்கும் தெரியாதாம்.

"நோன்பு பிடிக்கணும்னா எங்கிட்டக் கேட்டிருக்கணும். ரெண்டு வேளை மாத்திரைய சஹருக்கு ஒண்ணு, நோம்பு தெறக்கையில ஒண்ணுன்னு மாத்திக் குடுத்திருப்பேன். கேக்கணும்லம்மா?" என்றார்.

எனக்கு வந்தது பார். "மூணு நிமிசத்துல சீட்ட எழுதிக் குடுத்துட்டு அடுத்த டோக்கனக் கூப்பிட்டிய சார். பழச விட்டா புதுசு ஏறும்னு நீங்கதானே சொல்லணும்? எங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?" என்றேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் "சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

கடைசியாக உன் கேள்வியையும் நானே கேட்டேன். அவன் பேசியதா, மருந்து பேசியதா என்று. "கையி ஓங்குனதுல மருந்துக்குப் பங்கு இருக்கு. சொன்ன விசயம் நெசந்தானே? அத மருந்து எழுதிக் குடுக்க முடியாதும்மா." இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

நேற்று கிருபாபாய் அக்கா சொன்னதும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை உன் வாசலில் வந்து ஏதோ கேட்டாராம். நீ வாளியை எட்டி உதைத்தாயாம். அது அவர் காலில் பட்டிருக்கிறது. "ஜரீனா, இனிமே கவர ஜன்னல்ல வச்சுட்டுப் போயிருவேன். அது நம்ம அனஸ் தம்பி மூஞ்சியே இல்ல" என்றார். அவர் எந்தப் பொய்யைச் சொன்னார் உன்னிடம்? அவர் மேல் உனக்கு என்ன நியாயம்?

எல்லா அட்டைகளும் கவரில் இருக்கின்றன. நாளைக்கே கொடுத்தனுப்புகிறேன். வந்ததும் அன்று இரவே பழையபடி எட்டு சாப்பிடு. நீயாகக் கூட்டாதே, குறைக்காதே. இருபத்து நாலாம் தேதி உன்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

ஜரீனா


ஸ்ரீவில்லிபுத்தூர்
21 ஏப்ரல் 2025

அக்கா,

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குப் பிரஸ்ஸில் விழுந்தேன். எனக்கு நினைவில்லை, சோலைராஜ் அண்ணாச்சி சொன்னதை எழுதுகிறேன். தாள் வெட்டும் இயந்திரத்துக்கு ஓரடி தள்ளி விழுந்திருக்கிறேன். இரண்டு நிமிஷத்துக்கு மேல். நாக்கு ஓரம் கடிபட்டிருக்கிறது. இன்றும் சோறு பட்டால் காந்துகிறது. அண்ணாச்சி சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார். கண் திறந்தபோது அது என் உள்ளங்கையில் இருந்தது. சுற்றிக் கால்கள். உனக்குப் போன் பண்ணப் போனவரை நான்தான் தடுத்தேன்.

ஏழு மாதம் போயிற்று.

உன் கவர் சனிக்கிழமை இரவுதான் வந்தது. வெள்ளிக்கிழமை ஏன் வரவில்லை தெரியுமா? பெரிய வெள்ளி. கிருபாபாய் அக்காவுக்கு லீவு. காலையிலிருந்து சர்ச்சில் இருந்தார். அது உனக்கு நினைவில்லை. சரி, நினைவில்லை. பஸ் ஓடியதா இல்லையா? இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எவ்வளவு தூரம்? அரை மணி நேரம். டாக்டர் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று சொன்ன பிறகு, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, வேறொருத்தர் லீவு முடிந்து வரட்டும் என்று இருந்திருக்கிறாய். நான் வந்து மன்னிப்புக் கேட்காமல் என் வாசலை நீ மிதிக்க மாட்டாய் என்ற வீம்பு. அதற்கு எந்த ஏற்பி?

திருப்பி அனுப்பியவன் நான். அதையும் ஒத்துக்கொள்கிறேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து என்னை அந்த இயந்திரத்துக்கு ஓரடி பக்கத்தில் தள்ளினோம்.

நேற்று ஈஸ்டர். கிருபாபாய் அக்காவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து, "என்ன தம்பி, சொல்லுங்க" என்றார். எப்போதும் "வா, போ" என்பவர். கதவைத் திறக்கவில்லை. வாளிக்காக மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி" என்றார். பயந்த குரல். என்னைப் பார்த்து இதுவரை பரிதாபப்பட்டிருக்கிறார்கள், அருவருத்திருக்கிறார்கள். யாரும் பயந்ததில்லை. மச்சானைத் தள்ளியபோது எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது, அதை உன்னிடம் மறைக்கவில்லை. நேற்று அந்தக் கதவுக்கு வெளியே அது இல்லை.

இருபத்து நாலு வருகிறேன். ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள். அளவைக் குறைத்தால் நான் மறுபடியும் சரி, சரி என்கிறவன் ஆகிவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயம். வலிப்பைவிட அதிகம் அதற்குத்தான். நீ அதை ஆசைப்படுகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே டாக்டர் முன்னால் எனக்காக ஒரு வார்த்தை பேசாதே.

அனஸ்


இராஜபாளையம்
29 ஏப்ரல் 2025

அனஸ்,

டாக்டர் எழுதிய சீட்டை நான் உன் கையில் கொடுத்துவிட்டேன். இனி அது என் பீரோவில் இருக்காது. இரண்டு வாரம் ஆறு மில்லிகிராம். மே எட்டு முதல் நாலு. பழையதை இப்போது தொட வேண்டாம். குறைத்தது உடம்பில் முழுதாகத் தெரிய மூன்று வாரம் வரை ஆகும். இதை எழுதக் காரணம், நீ டாக்டர் அறையில் பாதி நேரம் என்னை முறைத்துக்கொண்டிருந்தாய், காதில் விழுந்திருக்காது.

நான் வாயைத் திறக்கவில்லை. நீ சொன்னபடியே. "குறைச்சா நான் பழைய மாதிரி ஊமையாயிருவேனா சார்?" என்று நீ கேட்டபோதும் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. "தெரியாது. பாப்போம். ஊமையானா அதுக்கும் நான்தான் பொறுப்பு, வந்து திட்டுங்க" என்று அவர் சொன்னபோது நீ சிரித்தாய். நோன்புக்குப் பிறகு முதல் தடவை.

திரும்பும் பஸ்ஸில் மறுபடி ஆரம்பித்தோம். பெரிய வெள்ளிக்கு நீ, மாத்திரையைத் திருப்பியதற்கு நான். கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். உன் மச்சான், "தள்ளு, நடுவுல நான் உக்காருதேன். அடிச்சா என் கட்டு மேலேயே அடிங்க, அதுதான் கெட்டியா இருக்கு" என்றார். நீ அவரிடம் மன்னிப்புக் கேட்டாய். அவரும் உன்னிடம் கேட்டார், தலைவலிப் பொய்க்கு. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கேட்க மாட்டேன். பெரிய வெள்ளிக்குக் கேட்கிறேன். பஸ் ஓடியது, நான் ஏறவில்லை. அது என் தப்பு. ஆனால் பொய்க்குக் கேட்க மாட்டேன். வ. புதுப்பட்டிப் பந்தியில் நீ உட்காரவில்லை. மறுபடியும் சம்பந்தம் பேச வேண்டி வந்தால் மறுபடியும் அந்தப் பொய்யைச் சொல்வேனா என்று கேட்டால், இன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது. எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. உன் மேல், அந்த வீட்டம்மா மேல், மூன்று நிமிஷ டாக்டர் மேல், என் மேல். நான் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை.

போனில் உன் எண்ணைத் திறந்துவிட்டேன். கூப்பிடாதே. இன்னும் கத்துவேன்.

ஜரீனா


ஸ்ரீவில்லிபுத்தூர்
5 மே 2025

அக்கா,

நிஜாம் மாமா மச்சானுக்குப் போன் பண்ணியிருக்கிறார். மச்சான் நேற்று இரவு எனக்குச் சொன்னார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். நான் சொல்கிறேன். இனி இந்த வீட்டில் யாரிடமும் எதையும் சொல்லாமல் இருக்க எனக்கு உத்தேசமில்லை.

மாமா சொன்னது: "பையன் வரட்டும். தனியா வரட்டும். அன்னைக்குச் சொன்னத எங்க வீட்டுல உக்காந்து, கத்தாம சொல்லட்டும். நான் முடிவு சொல்லுதேன்." நௌஷீன் ஒரு கேள்வி கேட்டனுப்பியிருக்கிறாளாம். அது உன் கேள்விதான். ஜனவரியில் ஏன் சொல்லவில்லை?

அவளிடம் நாலு தடவைதான் பேசியிருக்கிறேன். நாலு தடவையும் தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நானும் பரவாயில்லை என்றேன். ஆக, நீ சொன்ன பொய்யில் கால்வாசி நான் சொன்னது. இதற்கு அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்து வைக்க முடியவில்லை. யோசித்தால் பாதியில் உன் மேல் கோபம் வந்துவிடுகிறது. ஆறு மில்லிகிராமிலும் வருகிறது. ஆனால் வாளி உதைக்கிற அளவுக்கு இல்லை. நேற்று அண்ணாச்சி கத்தரியைத் திருப்பிக் கொடுத்தார். கிருபாபாய் அக்கா இன்னும் கவரை ஜன்னலில்தான் வைக்கிறார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. மருந்து குறைந்த பிறகும் உன் மேல் இந்தக் கோபம் இருந்தால், நேரே இராஜபாளையம் வந்து உன் முகத்துக்கு நேராகச் சொல்வேன். இல்லாமல் போனாலும் வந்து சொல்வேன். அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது, இல்லாமல் போவது.

இனி இருப்பவை இவை. மே எட்டு, வியாழன் இரவு முதல் நாலு மில்லிகிராம். பதினாறாம் தேதி மச்சானுக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். இருபத்திரண்டாம் தேதி மதுரையில் டாக்டர். பழைய மாத்திரை மறுபடி வேண்டுமா என்று அன்று முடிவு செய்வார். நான் தனியாகப் போகிறேன். பத்திரிகைக்கு இன்னும் பிளேட் போடவில்லை.

மே இருபத்தைந்து ஞாயிறு, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, நிஜாம் மாமா வீட்டில் இருப்பார். நௌஷீனும் இருப்பாள். பெருநாளன்று நின்று கத்தியதை நான் உட்கார்ந்து சொல்ல வேண்டும். வாய் வருமா என்று டாக்டருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றைக்கு மம்சாபுரத்தில் தெரியும்.

அனஸ்